உபோசதமும் உண்ணாமையும்

திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று நம்மோடு சேர்ந்த குடும்பங்களிலிருந்து ஒரு வினா அடிக்கடி வருகின்றது. ‘சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நோன்பிருந்து வந்தோம். பௌத்தராகிய பின் அவற்றை விட்டோம். இப்பொழுது பௌர்ணமிதோறும் உபோசதம் காக்க வேண்டுமென்கிறீர்கள். அங்கும் பட்டினி, இங்கும் பட்டினி. பெயர் மாறியதன்றி வேறென்ன மாறிற்று?’ என்பதே அவ்வினா. கேட்பவர் பெரும்பாலும் தாய்மார்களே. அது வியப்பன்று. கணவன் நலத்திற்கும் பிள்ளைகளின் தேர்வுக்கும் மழைக்கும் கடன் தீர்வதற்கும் நம் வீடுகளில் பசித்திருந்தவர்கள் அவர்களேயன்றி ஆடவரல்லர். ஆதலின் இவ்வினாவை எளிதென்று தள்ளாமல், மக்கள் எக்காரணங்களால் உணவை விடுக்கின்றனர், பகவன் புத்தர் உண்ணாமையை எவ்வளவில் ஏற்றார், எவ்வளவில் விலக்கினார் என்பனவற்றை ஆராய்வோமாக.

வாயை மூடுதல் ஒரே செயல். அதன் காரணங்களோ பல. மருத்துவர் சொற்படி லங்கணம் இருப்பவர் உடல் நலங்கருதி உண்ணார். முஸ்லிம் அன்பர் ரமலான் மாதத்தில் விடியற்காலை முதல் கதிரவன் மறையும் வரை நீரும் பருகாதிருப்பது, அஃது இறைவன் ஆணையென்று கொண்டமையால். கிறிஸ்தவர் தவக்காலத்தில் உணவைக் குறைப்பது, ஏசுநாதர் பாலை நிலத்தில் நாற்பது நாள் நோற்றதை நினைந்து. சைனரோ, பழவினையை உடல் வருத்தத்தால் உதிர்க்கலாமென்றும், இறுதி நெருங்கியபோது உணவைப் படிப்படியாகக் குறைத்து அமைதியுடன் உடலை விடலாமென்றும் கொண்டனர். செஞ்சிக்கு அண்மையிலுள்ள திருநாதர் குன்றில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்த செய்தி பாறையில் இன்றும் படிக்கக் கிடைக்கின்றது. மக்களோடு பகை மூண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விட்டதையும், அவனை முன்பு நேரிற் கண்டிராத பிசிராந்தையார் வந்து உடன் வடக்கிருந்ததையும் சங்கச் செய்யுட்களால் அறிகின்றோம். இவர்களுடைய உறுதியை இகழ்தல் நமக்கு அழகன்று. ஆயினும் உறுதி வேறு. அவ்வுறுதி செல்லும் வழி வேறு.

நம் வீடுகளில் நிலவிய நோன்பு பெரும்பாலும் இவற்றுள் எதுவுமன்று. அது நேர்ச்சை. ‘நான் இத்தனை வாரம் பசித்திருக்கின்றேன், நீ இன்னதைத் தருக’ என்று தெய்வத்தோடு செய்துகொள்ளும் உடன்படிக்கை அது. கேட்டது கிடைத்தால் நோன்பின் பயன் என்பர். கிடையாவிடில் நோன்பில் ஏதோ குறை நேர்ந்ததென்று அந்தத் தாயையே பழிப்பர். பசித்தவளும் அவளே, பழிக்கப்படுபவளும் அவளே! காரண காரியத் தொடர்பை உணர்ந்த பௌத்தருக்கு இவ்வாணிகம் பொருந்தாது. மகன் தேர்வில் தேறுவதற்கு அவன் படித்தல் காரணமாகலாம். அவன் தாயின் வெறுவயிறு எங்ஙனம் காரணமாகும்?

பிறரை இணங்க வைப்பதற்காக உண்ணாதிருத்தல் மற்றொரு வகை. இந்நாட்டின் அரசியலில் அது பெரிய கருவியாயிற்று. 1929-ஆம் ஆண்டில் லாகூர்ச் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் உண்ணாதிருந்து இறந்தார். 1952-இல் பொட்டி ஸ்ரீராமுலு ஆந்திர மாநிலங் கோரிச் சென்னையில் உயிர்விட்டார். தமிழ்நாடு என்னும் பெயர் முதலியவற்றைக் கோரிச் சங்கரலிங்கனார் 1956-இல் விருதுநகரில் உண்ணா நோன்பிருந்து மாண்டார். நமக்கு மிக அணுக்கமானது 1932-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தனித் தொகுதிகள் வழங்கப்பட்டதை எதிர்த்து அவ்வாண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் எரவாடாச் சிறையில் காந்தியடிகள் உண்ணாவிரதம் தொடங்கினார். நாடெங்கும் எழுந்த நெருக்கடியின் நடுவே 24-ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மாகாணச் சட்டசபைகளில் 71 ஆக இருந்த இடங்கள் 148 ஆயின. ஆயினும் தம்முடைய பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் தனி உரிமை கைவிட்டுப் போயிற்று. அக்கணக்கின் ஊதிய இழப்புகளை இங்கு நாம் தீர்க்கப்போவதில்லை. தன் உடலையன்றி வேறு படைக்கலமில்லாத கைதியின் பட்டினியும், கோடிக்கணக்கானோர் போற்றும் தலைவரின் பட்டினியும் ஒன்றல்லவென்று மட்டும் கூறுவோம். இரண்டும் பிறர் மனத்தை வளைக்க முயல்வன. உபோசதம் வளைக்க முயல்வதோ நோற்பவரின் மனத்தையே.

இன்னுமொரு பசி உண்டு. அதனை நோன்பென்று எவரும் அழையார். ஆனால் நம் முன்னோர் அதனையே மிகுதியாக அறிந்திருந்தனர். அது தாமே விரும்பாத பட்டினி. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை அழித்த தாது வருடப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலை செய்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதுமென்று சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்து வகுத்தார். உழைக்கும் உடலுக்கு இது போதாதென்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். கல் உடைத்தும் மண் சுமந்தும் அந்த ஒரு பவுண்டில் உயிர் வாழ முயன்று வீழ்ந்தோர் எண்ணிறந்தோர். பஞ்சம் ஓய்ந்து இருபது ஆண்டுகள் கழிந்து, 1898-இல் பண்டித அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியபோது அதனை நாடி வந்தோருள் அப்பசியைக் கண்ணாற் கண்டவர்கள் இருந்திருப்பர். அத்தகையோரிடம் சென்று ‘பட்டினி கிடத்தல் புண்ணியம்’ என்று ஒரு சமயம் போதிக்குமாயின், அச்சமயத்திற்கு இரக்கமில்லை என்றே கூறவேண்டும். பௌத்தம் அவ்வாறு போதிக்கவில்லை. ஏன் போதிக்கவில்லை என்பதற்கு விடை பகவனுடைய வாழ்க்கையிலேயே இருக்கின்றது.

பகவன் புத்தர் பசியைப் பற்றிக் கேள்வியால் பேசினவரல்லர். ஞானம் அடையுமுன் உருவேலாவில் நேரஞ்சரை ஆற்றின் அருகே அவர் கொண்ட தவத்தை மஜ்ஜிம நிகாயத்து மகாசச்சக சுத்தத்தில் தாமே விவரிக்கின்றார். பயறு, கொள்ளு, கடலை ஆகியவற்றின் சாற்றை ஒரு கையளவு மட்டும் பருகி வந்தாராம். அடிவயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கையில் அகப்பட்டது; உடலைத் தடவினால் வேர் அழுகிய மயிர் உதிர்ந்தது; மலசலம் கழிக்க முயன்றால் குப்புற வீழ்ந்தார். காந்தார நாட்டுச் சிற்பி ஒருவன் அக்கோலத்தைக் கல்லிற் செதுக்கினான். சிக்ரி என்னுமிடத்தில் கிடைத்த அச்சிலை லாகூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. நரம்பும் என்புமாய் அமர்ந்திருக்கும் அவ்வுருவைக் கண்டோர் சிலர், புத்தர் இவ்வாறு நோற்றமையாற்றான் புத்தரானார் என்று பிறழ உணர்கின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. இதனினும் கடுந்தவம் எவரும் செய்ததில்லை, செய்யவும் முடியாது. ஆயினும் இதனால் ஞானம் விளையவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. அப்பொழுது இளமையில் தந்தையார் தொழிலிலிருந்தபோது நாவல் மர நிழலில் அமர்ந்து பெற்ற தியான அமைதி அவர் நினைவிற்கு வந்தது. அவ்வமைதி இவ்வளவு மெலிந்த உடலுக்கு வாய்க்காதென்று தெளிந்து, சோறும் கூழும் உண்டார். உடனிருந்த ஐவரும் ‘இவர் சுகபோகத்திற்குத் திரும்பிவிட்டார்’ என்று வெறுத்து நீங்கினர். சுஜாதை பாற்சோறளித்த வரலாற்றைப் பிற்கால நூல்கள் விரித்துரைக்கும். எவ்வாறாயினும், போதி மரத்தடியில் அமர்ந்தவர் பட்டினி கிடந்தவரல்லர், உண்டவரே. நம் சமயம் ஒரு கவளச் சோற்றிற்குக் கடன்பட்டிருக்கின்றது என்றாலும் பிழையாகாது.

அவ்வாறாயின் பிக்குகள் நண்பகலுக்குப் பின் உண்பதில்லையே, உபோசதம் காக்கும் இல்லறத்தாரும் அவ்வாறே விலகுகின்றனரே, அஃதென்ன என்று கேட்கலாம். இதற்குச் சுத்தங்கள் கூறும் காரணங்கள் மிக எளியன. காசி நாட்டில் பகவன் பிக்குகளை நோக்கி, தாம் இரவுணவை விட்டதனால் நோயின்றியும் உடல் இலேசாகவும் வலிவுடனும் வாழ்வதாகவும், அவர்களும் அவ்வாறே வாழ்ந்து பார்க்கலாமென்றும் கூறினார். இது மறுமைப் பயனன்று, உடல் நலம். மற்றொரு காரணத்தை உதாயி என்னும் பிக்கு நினைவுகூர்கின்றார். முன்னாளில் பிக்குகள் இருளிலும் பிச்சைக்குச் செல்வதுண்டு. சாக்கடையில் வீழ்வர்; முள்வேலியில் மோதுவர்; உறங்கும் பசுவின்மேல் இடறுவர். ஒருநாள் இரவு ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கையில் மின்னல் ஒளியில் உதாயியைக் கண்டு, பேயென்று அலறினாள். ‘பேயல்லேன், பிச்சைக்கு நிற்கும் பிக்கு’ என்று அவர் சொல்ல, அவள் அச்சம் கோபமாக மாறிற்று. வயிற்றுக்காக இருட்டில் அலைவதைக் காட்டிலும் கசாப்புக் கத்தியால் அவ்வயிற்றைக் கிழித்துக்கொள்ளலாமே என்று ஏசிவிட்டாளாம். சுத்தத்தில் இதனை மறைக்காது எழுதி வைத்தவர்களைப் போற்ற வேண்டும். பகலிற் பாடுபட்டுக் களைத்த குடும்பத்தை இரவிலும் தொல்லைப்படுத்தலாகாது என்னும் கருணையும் அவ்விதியில் அடங்கியிருப்பதை அவள் வசை நமக்கு உணர்த்துகின்றது.

இனி உபோசதத்திற்கு வருவோம். உபோசதம், உபவாசம் என்னும் சொற்கள் அணுகியிருத்தல் என்னும் பொருளுடைய ஒரே வேரிற் பிறந்தவை. பட்டினி என்பது அவ்வேரில் இல்லை. இந்நாள் சங்கத்திற்குள் வந்த வரலாற்றை விநய பிடகத்து மகாவக்கம் கூறுகின்றது. மகத மன்னன் பிம்பிசாரன், பிற சமயத் துறவிகள் எட்டாம் நாளிலும் பதினான்கு பதினைந்தாம் நாட்களிலும் கூடி அறமுரைப்பதையும், மக்கள் அதனால் அவர்களிடம் அன்பு கொள்வதையும் கண்டு, பிக்குகளும் அவ்வாறு கூடினால் நன்றென்று விண்ணப்பித்தான். பகவன் இசைந்தார். பிக்குகள் கூடினர், கூடி, வாய் திறவாது அமர்ந்திருந்தனர். அறங்கேட்க வந்த மக்கள் ‘ஊமைப் பன்றிகளைப் போல் உட்கார்ந்திருக்கவா கூடினீர்கள்?’ என்று முறையிட்டனர். அதன் பின்னரே அந்நாளில் தம்மம் உரைக்க வேண்டுமென்று பகவன் பணித்தார். இவ்வரலாற்றில் உணவைப் பற்றிய பேச்சே எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மக்கள் குறையாகக் கண்டது உண்டதையன்று, அறம் பேசாமையை.

உபோசதத்தை எங்ஙனம் காப்பது என்பதற்கு அங்குத்தர நிகாயத்தில் விசாகைக்குக் கூறிய உரையே சிறந்த பாடம். சாவத்தியில் பூர்வாராமத்தில் பகவன் தங்கியிருக்கையில் விசாகை நண்பகலில் வந்தாள். இந்நேரத்தில் வந்ததேன் என்று அவர் வினவ, இன்று உபோசதம் என்றாள். உடனே அவர் உபோசதம் மூவகை என்று தொடங்கினார். முதலாவது இடையனுடையது. மாலையில் மாடுகளை உரியவரிடம் ஒப்பித்த இடையன், இன்று இங்கே மேய்ந்தன, நாளை அங்கே மேயும் என்று எண்ணிக்கொண்டிருப்பான். அவ்வாறே சிலர் உபோசதத்தன்று, இன்று இன்னது உண்டோம், நாளை இன்னது உண்போம் என்றெண்ணிப் பொழுது கழிப்பர். வாய் பூட்டியிருக்கும், மனமோ மேய்ந்துகொண்டிருக்கும். இரண்டாவதாக நிகண்டரின் உபோசதத்தைக் கூறி அதன் குறைகளைச் சுட்டுகின்றார். அது மாற்றார் வாயிலாக வந்த விவரமாதலின் சைனர் தம் நோன்பைத் தாமே கூறும் முறை வேறாக இருக்கும். நாம் அதனை வைத்து அவர்களை எள்ளவேண்டுவதில்லை. மூன்றாவது ஆரிய உபோசதம். அது மாசடைந்த மனத்தை முயற்சியால் தூய்மை செய்தல். எண்ணெய்ச் சிக்கேறிய தலையை அரைப்பும் நீரும் கையுழைப்பும் கொண்டு கழுவுவது போலவும், அழுக்குத் துணியை உவர்மண் முதலியன இட்டு வெளுப்பது போலவும், மங்கிய கண்ணாடியைத் துடைப்பது போலவும் புத்தர், தம்மம், சங்கம், தன் சீலம் ஆகியவற்றை நினைந்து மனத்தைத் துலக்க வேண்டுமென்பது அவர் உரை. அதன் பின்னரே எட்டுச் சீலங்கள் வருகின்றன. அருகந்தர் வாழ்நாள் முழுதும் உயிர்க்கொலை நீங்கி வாழ்கின்றனர். யானும் இன்று ஒரு பகலும் ஓர் இரவும் அவ்வாறே வாழ்வேன் என்று ஒவ்வொரு சீலத்தையும் எண்ண வேண்டும். எட்டில் ஆறாவதே அகால உணவை விடுதல். ஐந்தைத் தாண்டி வந்தபின் நிற்கும் சீலம் அது. பொய் பேசிக்கொண்டு இரவுச் சோற்றை மட்டும் விட்டவர் ஆறாவதைக் காத்தவருமல்லர்.

பசித்தவர்பால் பகவன் நடந்துகொண்ட முறைக்குத் தம்மபத உரையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆளவி நகரில் ஓர் ஏழை உழவன் அறங்கேட்க விரும்பியிருந்தான். பகவன் அவன் பொருட்டே முப்பது யோசனை நடந்து வந்தார். அன்று பார்த்து அவன் எருது காணாமற் போயிற்று. அவன் அதனைத் தேடிப் பிடித்து வருவதற்குள் எல்லோரும் உண்டு முடித்து, உரையை எதிர்பார்த்து அமர்ந்துவிட்டனர். பகவன் வாய் திறக்கவில்லை. களைத்துப் பசித்து அவன் வந்து நின்றதும், மிச்சச் சோறு உண்டா என்று வினவி, அவனை முதலில் உண்பிக்கச் செய்தார். அவன் உண்டு, உடலும் மனமும் அமைந்த பின்னரே அறம் தொடங்கிற்று. ஒரு குடியானவன் சோற்றைப் பற்றிப் பகவன் கவலைப்பட்டதைப் பிக்குகள் தமக்குள் பேசிக்கொண்டபோது, நோய்களில் பசியைப் போன்றது வேறில்லை என்னும் கருத்தை அவர் அவர்களுக்கு விளக்கினார்.

தமிழில் இக்கருத்து மணிமேகலையின் கதைப்போக்கிலேயே அமைந்துள்ளது. யானைத்தீ என்னும் பெரும்பசியால் வாடிய காயசண்டிகைக்கு அமுதசுரபியின் அன்னம் கிடைத்து நோய் தீர்கின்றது. சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகின்றது. வறட்சியுற்ற காஞ்சியில் எல்லா உயிர்களும் உண்பிக்கப்படுகின்றன. இவையெல்லாம் நிகழ்ந்த பின், அறவண அடிகளிடம் அறங்கேட்டு, நூலின் கடைசிக் காதையிலேயே மணிமேகலை நோன்பு மேற்கொள்கின்றாள். ஊட்டுதல் முன்னும் நோற்றல் பின்னுமாகச் சாத்தனார் வைத்த அம்முறை தற்செயலாக நேர்ந்ததென்று எமக்குத் தோன்றவில்லை.

அளவு மீறி உண்பதையும் பகவன் கண்டித்தார் என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். கோசல மன்னன் பசேனதி மரக்கால் கணக்கில் சோறுண்டு மூச்சுத் திணறி வந்தபோது, அளவறிந்து உண்பவனுக்கு நோவு குறையும் என்று பகவன் அறிவுறுத்தினார். மன்னன் சுதர்சனன் என்னும் இளைஞனை அமர்த்தி, உண்ணும்போதெல்லாம் அவ்வறிவுரையைச் சொல்லச் செய்து, சிறிது சிறிதாக நாழியரிசிச் சோற்றளவுக்கு இறங்கினான். ஒரே நாளில் இறங்கவில்லை, பட்டினியும் கிடக்கவில்லை.

இனி நடைமுறை. உபோசதங் காப்போர் காலையில் எட்டுச் சீலம் ஏற்று, நண்பகலுக்குள் வயிறார உண்ணலாம், உண்ணவும் வேண்டும். நண்பகல் என்பது கதிரவன் உச்சிக்கு வரும் வேளை. கடிகாரம் பன்னிரண்டு காட்டும் நேரத்தோடு அது சில நிமிடங்கள் முன்பின் ஆகும். அதன் பின் மறுநாள் விடியும் வரை திட உணவு இல்லை. நீர் தடையில்லை. மா, நாவல், வாழை, திராட்சை முதலியவற்றாலாகிய எட்டுவகைப் பானங்களை வடிகட்டிப் பருக விநயம் இசைகின்றது. உடல் தளர்ந்தோர்க்கு நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகிய ஐந்தும் மருந்தாக அனுமதிக்கப்பட்டுள்ளன. பிக்குகளுக்கே இவ்வளவு இளக்கம் உண்டெனில் இல்லறத்தார்க்குக் கேட்பானேன்? கருவுற்றோர், பாலூட்டுவோர், சிறுவர், நோயாளர், நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ கொள்வோர், அன்றிரவு கடினமாக உழைக்கவேண்டிய தொழிலாளர் ஆகியோர் இரவுணவை விடவேண்டா. அவர்கள் பஞ்சசீலத்தைக் காத்து அறங்கேட்கலாம். மருந்து வேளையைப் பௌர்ணமிக்காகத் தள்ளிப்போடுவது சீலமாகாது. மருமகளைப் பட்டினி போட்டுவிட்டு அதனை உபோசதமென்று அழைக்கும் வீடு எங்கேனும் இருப்பின், அங்கே சங்கத்தார் சென்று பேசுதல் கடமையாகும்.

அமாவாசையைப் பற்றித் தனியே கேட்டிருக்கின்றனர். அந்நாளும் உபோசத நாளே. ஆனால் நம் உறவினர் பலர் அன்று இறந்த முன்னோர்க்காக ஒருபொழுது இருந்து, காகத்திற்குச் சோறு வைத்து, தர்ப்பணமும் செய்வர். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள் ஒன்று சிராத்தத்தையும் பிண்டம் இடுதலையும் விலக்குகின்றது. அவ்வுறுதி ஏற்றோர் அமாவாசையை விடவேண்டுவதில்லை. அதன் காரணத்தை மாற்றிக்கொள்ளவேண்டும். இறந்த தாய் தந்தையரை நன்றியோடு நினைத்தல் தடையன்று. அவர்கள் நம் பட்டினியால் பசியாறுவர் என்னும் எண்ணமே தடை. அதே வீட்டில் வயது முதிர்ந்த பாட்டியார் பழைய வழக்கத்தை விடமாட்டாராயின், அவரோடு பூசலிட வேண்டா. உபோசத நாளிற் கடுஞ்சொல் பேசி ஒரு சீலத்தைக் காக்க இன்னொன்றை இழப்பது எவ்வகையிற் பொருந்தும்?

மறுநாள் விடிந்தபின் செய்யவேண்டியதைச் சுத்த நிபாதத்துத் தம்மிக சுத்தம் குறிப்பிடுகின்றது. உபோசதங் காத்தவர் காலையில் மகிழ்ந்த மனத்தோடு தம்மால் இயன்ற அளவு சோறும் பானமும் சங்கத்திற்குப் பகிர்ந்தளிக்கவேண்டுமென்பது அது. பிக்குகள் இல்லாத ஊர்களில் இதனை எவ்வாறு செய்வதென்று சிலர் மயங்குகின்றனர். முதல்நாள் இரவு உலையிலிடாத அரிசி பானையில் இருக்குமன்றோ? அதனை அளந்து சங்கத்தின் பொதுச் சமையலுக்குக் கொடுக்கலாம். அல்லது, அன்று காலை அடுப்பு மூட்ட இயலாத அண்டை வீடு எதுவென்று தாய்மார்களுக்குத் தெரியும். அவ்வீட்டிற்கு வெயில் ஏறுமுன் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.